ஹெட் அடிச்சா ஒழுங்கா வரலையா? என்ன தெரியுதுன்னு வச்சு எங்க கோளாறுன்னு பார்க்கலாம்

காரைக்குடில சின்னதா டைப்பிங், கம்ப்யூட்டர் வேலைன்னு ஒரு கடை வச்சிருக்கேன். கல்யாண மொய் லிஸ்ட், கோவில் புள்ளி லிஸ்ட் (குடும்பக் கணக்கு), புதுவயல் பக்கத்து ரைஸ் மில்லுக எடை மேடைலேர்ந்து வர்ற டெக்ஸ்ட் ஃபைல், ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறை ஸ்டாக்கு, இதுகதான் நமக்கு வர்ற சரக்கு. பென்டிரைவக் குடுத்துட்டு "தம்பி, இது தெறக்க மாட்டேங்குது"ன்னு நிப்பாக. நான் தெறக்கவே மாட்டேன். ஏன்னா பாதி ஃபைல் கெட்டதே எக்செல்ல தெறந்து, அது ஏதோ கேட்க, இவுக என்னான்னு பார்க்காம ஓகே குடுத்து சேவ் ஆகித்தான், போன் நம்பர் முன்னாடி இருந்த சைபர் எல்லாம் அதுலயே போயிருக்கும்.

அதனால முதல்ல ஹெட். லினக்ஸ்ல, மேக்ல டெர்மினல்னு கமாண்டு அடிக்கிற ஒரு விண்டோ இருக்குல்ல, அதுல அடிக்கிற கமாண்டு இது. முகப்புத் திண்ணைல நின்னு எட்டிப் பார்த்துட்டு வர்ற மாதிரி, உள்ள எதையும் தொடாம முதல் 10 வரிய மட்டும் காட்டும். கூட வேணும்னா

ஹெட் -என் 20 மொய்.டெக்ஸ்ட்

கமாண்டெல்லாம் வாயால சொல்ற மாதிரி தமிழ்லயே எழுதியிருக்கேன், நீங்க அடிக்கிறப்ப ஆங்கிலச் சின்ன எழுத்துல அடிங்க. ஃபைல் பேருல டெக்ஸ்ட்னு இருக்கிற எடத்துல டிஎக்ஸ்டின்னு அடிங்க. நடுவுல வர்ற கோடு மைனஸ், நட்டுக்க நிக்கிற கோடு பைப்பு, முன்னாடி இருக்கிற கமாண்டு குடுக்கிறத அடுத்த கமாண்டுக்குத் தள்ளிவிடும்.

ஒன்னுமே வரல, கர்சர் மட்டும் மின்னிக்கிட்டு நிக்குது

ஃபைல் பேரு அடிக்க மறந்திருப்பீங்க. பேரு இல்லாம ஹெட்னு மட்டும் அடிச்சா நீங்க கீபோர்டுல ஏதாச்சும் அடிப்பீங்கன்னு அது காத்துக்கிட்டு நிக்கும். கன்ட்ரோல் சி அடிச்சு வெளில வாங்க. நானே வாரத்துக்கு ஒரு தடவ இத பண்றேன்.

பேரு சரியா இருந்தும் நிக்குதுன்னா ஃபைல் வெளி ஹார்டுடிஸ்க்லயோ நெட்வொர்க்லயோ இருக்கான்னு பாருங்க, தூங்கிக் கிடந்த டிஸ்க் எந்திரிக்க அஞ்சாறு செகண்ட் ஆகும். ஒரு நிமிஷத்துக்கு மேல ஆனா கடைசித் தலைப்புக்குப் போயிருங்க.

நிக்காம, ஒன்னும் காட்டாம உடனே திரும்பி வந்துட்டா ஃபைல் காலி. எல்எஸ் -எல் அடிச்சு சைஸ் 0ன்னு இருக்கான்னு பாருங்க. சைஸ் இருக்கு, கண்ணுக்கு ஒன்னும் தெரியலன்னா மேல 10 வெத்து வரி இருக்கும், ஹெட் -என் 40 அடிங்க.

"அப்படி ஒரு ஃபைலோ ஃபோல்டரோ இல்ல"ங்குது, ஆனா கண்ணு முன்னாடி இருக்கு

முதல்ல பேருல இடைவெளி. "மொய் லிஸ்ட் புதுசு" அப்படின்னு பேரு வச்சிருந்தா கமாண்டு அத மூனு ஃபைலா நெனச்சுக்கும், ரெண்டு பக்கமும் மேற்கோள் குறி போடுங்க. அடுத்தது விண்டோஸ் கடைசி ஒட்ட மறைச்சு வைக்கிறதால நீங்களும் ஒரு தடவ டிஎக்ஸ்டி போட்டு, அதுவும் ஒரு தடவ போட்டு, பேரு டிஎக்ஸ்டி டிஎக்ஸ்டின்னு ரெண்டு வாலோட நிக்கும். லினக்ஸ்னா பெரிய எழுத்து சின்ன எழுத்து வித்தியாசமும் பாக்கும். இது மூனுக்கும் ஒரே மருந்து, முதல் ரெண்டு எழுத்த பெரிசு சின்னது பார்த்து அடிச்சுட்டு டேப் கீய அமுக்குங்க, மிச்சத்த அதுவே போட்டுக்கும்.

இதுல ஒரு வில்லங்கம் இருக்கு, கண்டுபிடிக்க எனக்கு ஒரு மத்தியானம் முழுசா போச்சு. ஃபைல் பேரு கொப்புடையம்மன் திருவிழா, பழைய மேக்லேர்ந்து காப்பி பண்ணி லினக்ஸ் மிஷினுக்கு வந்தது. நான் தமிழ்ல அதே பேர அட்சரம் பிசகாம அடிக்கிறேன், இல்லவே இல்லங்குது. விஷயம் என்னான்னா 'கொ'ங்கிற எழுத்த யூனிகோடுல (எல்லா மொழி எழுத்துக்கும் எண் குடுத்து வச்சிருக்கிற பொது முறை) ரெண்டு விதமா வைக்கலாம், 'க'வும் முழு ஒகரக் குறியும் சேர்ந்து ஒன்னு, 'க'வும் கொம்பும் காலும் தனித்தனியா சேர்ந்து இன்னொன்னு. பழைய மேக் டிஸ்க்குக பேர பிரிச்சுத்தான் வைக்கும், நம்ம கீபோர்டு சேர்த்து அடிக்கும். கண்ணுக்கு ரெண்டும் ஒன்னு, கம்ப்யூட்டருக்கு வேற வேற. கொ, கோ, கௌ மூனு வகை எழுத்துலயும் இது வரும். அந்த மாதிரி இருந்தா பேர அடிக்காதீங்க, நட்சத்திரக் குறி போட்டு

ஹெட் *திருவிழா*

அப்படின்னு குடுத்துட்டு, பெறகு எம்வி போட்டு ஆங்கிலத்துல பேர மாத்திருங்க.

"ஹெட்ங்கிற கமாண்டே தெரியாது"ங்குது

விண்டோஸ்ல கறுப்பு விண்டோவுக்கு ஹெட் கிடையாது. பவர்ஷெல் தெறந்து

கெட்-கன்டென்ட் மொய்.டெக்ஸ்ட் -டோட்டல்கவுன்ட் 10 -என்கோடிங் யுடிஎஃப்8

யுடிஎஃப்-8ங்கிறது யூனிகோடு எழுத்த ஃபைல்ல வைக்கிற ஒரு முறை. கடைசில இருக்கிற என்கோடிங் துண்ட விட்றாதீங்க, விண்டோஸோட வர்ற 5.1 பதிப்பு அது இல்லன்னா தமிழ தாறுமாறா படிக்கும். அடிக்கடி இந்த வேலை இருக்குன்னா விண்டோஸ்லயே லினக்ஸ் கமாண்டு ஓட்டுற கிட் பேஷோ டபிள்யூஎஸ்எல்லோ போட்டுக்குங்க, அதுல ஹெட்டே இருக்கு. மேக்ல ஹெட் இருக்கும், ஆனா கடைசி 5 வரி தவிர மத்ததக் காட்டுன்னு லினக்ஸ்ல ஹெட் -என் -5 அடிக்கிறோமே, அது அங்க செல்லாது.

"அனுமதி இல்ல"ங்குது

எல்எஸ் -எல் அடிச்சு ஃபைல் யார் பேருல இருக்குன்னு பாருங்க. உங்க மிஷின்னா முன்னாடி சூடோ போடுங்க, அட்மின் அனுமதியோட ஓட்டும். ஆபீஸ் மிஷின்னா அட்மினக் கேளுங்க, சூடோ கீடோன்னு நோண்ட வேண்டாம்.

தமிழ் வர வேண்டிய இடத்துல கண்ட கண்டது வருது

பத்துல ஏழு கேஸ் இதான். எப்படிக் கெட்டிருக்குன்னு உத்துப் பார்த்தாலே காரணம் பாதி தெரிஞ்சிரும். அதுக்கு முன்னாடி இந்த ஒரு வரிய அடிச்சு முதல் 4 பைட்டப் பார்த்துக்குங்க. பைட்டுன்னா ஃபைல்ல இருக்கிற சின்னத் துண்டு, ஒவ்வொன்னையும் எண்ணும் ஏலேர்ந்து எஃப் வரைக்கும் எழுத்தும் கலந்த ரெண்டு இலக்கமா காட்டும்

ஹெட் -சி 4 மொய்.டெக்ஸ்ட் | எக்ஸ்எக்ஸ்டி

எக்ஸ்எக்ஸ்டி இல்லன்னா ஓடி -டி எக்ஸ்1 போடுங்க.

நம்ம ஊர்ல ஒரு வசதி, மொய் நோட்டோ கணக்கோ டைப் பண்றவுக பழக்கத்துல முதல் வரில 'உ'ன்னு பிள்ளையார் சுழி போட்டுருவாக, ரெண்டாவது வரி சிவமயம். அதனால ஃபைல் நல்ல யுடிஎஃப்-8ஆ இருந்தா முதல் 3 பைட்டு இ0 ஏஇ 89ன்னு வந்தே ஆகணும், அதான் 'உ'. இஎஃப் பிபி பிஎஃப்னு ஆரம்பிச்சா அது நாம போடாத பிள்ளையார் சுழி, விண்டோஸ் தானா போட்டது, பிஓஎம்னு சொல்வாங்க, கண்ணுக்குத் தெரியாது. எக்செல்லுக்கு அது இருந்தாத்தான் சிஎஸ்வில (காற்புள்ளி வச்சு காலம் பிரிச்ச டெக்ஸ்ட் ஃபைல்) தமிழ் ஒழுங்கா தெரியும், லினக்ஸ் ஸ்கிரிப்டுக்கு அது இருந்தா முதல் காலம் பேரு பொருந்தாம மக்கர் பண்ணும். எஃப்எஃப் எஃப்இ 89 0பின்னு வந்தா யுடிஎஃப்-16, யூனிகோடு எழுத்த வைக்கிற இன்னொரு முறை, அதுக்குக் கீழ வர்றேன்.

*தலைல கோடு போட்ட ஆங்கில ஏ, வட்டத்துக்குள்ள ஆர் போட்ட முத்திரை, இது ரெண்டும் மாத்தி மாத்தி வருது.* பைட்டு இ0 ஏஇன்னு சரியா இருந்தா ஃபைலுக்கு ஒன்னும் இல்ல, டெர்மினல்தான் யுடிஎஃப்-8ல இல்ல. விண்டோஸ் கறுப்பு விண்டோன்னா சிஹெச்சிபி 65001 அடிங்க, புட்டின்னா செட்டிங்ஸ்ல டிரான்ஸ்லேஷன்னு இருக்கிற இடத்துல மாத்துங்க, லினக்ஸ்னா லோகேல்னு அடிச்சு யுடிஎஃப்-8 வருதான்னு பாருங்க. ஆனா பைட்டே சி3 ஏ0 சி2 ஏஇன்னு இருந்துச்சுன்னா யாரோ ஏற்கனவே தப்பா தெறந்து அந்தக் கிறுக்கலையே சேவ் பண்ணிருக்காக. எழுத்து முறைய மாத்துற ஐகான்வ் கமாண்ட வச்சுத் திருப்ப முடியும்னுதான் சொல்லுவாங்க, நானும் பண்ணிப் பார்த்தேன், புள்ளி வச்ச எழுத்துல போய் நின்னுக்கிச்சு. ஏன்னா புள்ளியோட கடைசி பைட்டு 8டி, விண்டோஸோட பழைய 1252 பட்டியல்ல அந்த எண்ணுக்கு எழுத்தே கிடையாது. தமிழ்ல புள்ளி இல்லாத வரி ஏது? அதனால இதுக்குப் பைத்தான் தெரிஞ்ச ஆள்கிட்ட குடுங்க, இல்ல அனுப்பினவுகள மறுபடி அனுப்பச் சொல்லுங்க, ரெண்டாவதுதான் சல்லிசு.

*எழுத்து ஊருணிப் படி மாதிரி ஒவ்வொரு வரியா கீழ எறங்கி எறங்கிப் போவுது.* பார்த்தா பயமா இருக்கும், ஆனா இருக்கிறதுலயே சுலபமான கேஸ். யுடிஎஃப்-16ல தமிழ் எழுத்து ஒவ்வொன்னுக்கும் ஒரு பைட்டு 0பி. டெர்மினலுக்கு 0பின்னா ஒரு வரி கீழ எறங்குன்னு அர்த்தம், அதனால ஒரு எழுத்துக்கு ஒரு படி எறங்கும். பழைய நோட்பேடுல சேவ் பண்றப்ப யூனிகோடுன்னு தேர்ந்தெடுத்தாலும் இப்படித்தான் வரும், பவர்ஷெல் 5.1ல அம்புக்குறி போட்டு ஃபைலுக்குத் தள்ளினாலும் இப்படித்தான் வரும்.

ஐகான்வ் -எஃப் யுடிஎஃப்-16 -டி யுடிஎஃப்-8 பழசு.டெக்ஸ்ட் > புதுசு.டெக்ஸ்ட்

அவ்வளவுதான். பழசையும் அழிக்காம வச்சுக்குங்க.

*ஆங்கில எழுத்தாவே வருது, ஆனா ஒன்னும் புரியல.* தமிழ்னு இருக்க வேண்டிய இடத்துல ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி, இப்படி இருந்தா பாமினி ஃபான்ட்ல அடிச்சது. ஃபைல்ல இருக்கிறது நெசமாவே ஆங்கில எழுத்துதான், ஃபான்ட்தான் அத தமிழா வேஷம் கட்டிக் காட்டும், அதனால ஐகான்வ் இதுக்கு உதவாது, பாமினிலேர்ந்து யூனிகோடுக்கு மாத்துற கன்வர்ட்டர் வேணும். பழைய டிடிபி வேலை, அழைப்பிதழ் எல்லாம் பெரும்பாலும் இதான். ஆங்கில எழுத்தும் இல்லாம குறியீடா வந்தா டிஸ்கிங்கிற பழைய தமிழ் எழுத்து முறையா இருக்கலாம், லினக்ஸ் ஐகான்வுக்கு டிஸ்கி தெரியும், மேல குடுத்த அதே வரில யுடிஎஃப்-16க்குப் பதிலா டிஸ்கின்னு போட்டுப் பாருங்க. டேப், டாம்னு 1999ல வந்த முறைல அடிச்ச ஃபைலும் சிலது சுத்துது, அதுக்கும் தனிக் கன்வர்ட்டர்தான்.

*எல்லாம் சரி, கடைசி எழுத்து மட்டும் ஒடஞ்சு கேள்விக்குறி.* -என்னுக்குப் பதிலா -சி போட்டிருப்பீங்க. அது எழுத்த எண்ணாது, பைட்ட எண்ணும். காரைக்குடிங்கிற பேரு வாயில 5 எழுத்து, கம்ப்யூட்டருக்குள்ள குறியெல்லாம் தனித்தனியா சேர்ந்து 10, ஒவ்வொன்னுக்கும் 3 பைட்டுன்னு 30 பைட்டு. ஹெட் -சி 29 அடிச்சா 'டி'யோட கொக்கி பாதில அறுந்து போகும். ஃபைலுக்கு ஒரு கோளாறும் இல்ல, 30ன்னு அடிங்க.

*கொம்பும் காலும் இடம் மாறி நிக்குது.* டெர்மினலுக்குத் தமிழ் எழுத்தயும் குறியையும் கோர்த்துக் காட்டத் தெரியல, அவ்வளவுதான். சாதா எடிட்டர்ல படிக்க மட்டும் தெறந்து பாருங்க, நல்லா இருக்கும். சேவ் பண்ணாதீங்க.

*வெறும் கேள்விக்குறியா வரிசையா வருது.* பைட்டப் பாருங்க. 3எஃப் 3எஃப் 3எஃப்னு இருந்துச்சுன்னா போச்சு. 2019க்கு முந்தின விண்டோஸ் நோட்பேடு ஆன்சில (விண்டோஸோட பழைய எழுத்து முறை) சேவ் பண்றப்ப "எழுத்து போயிரும்"னு ஒரு பெட்டி காட்டும், படிக்காம ஓகே குடுத்திருப்பாக, தமிழ் அத்தனையும் நெசமான கேள்விக்குறியா மாறிருக்கும். இத எந்தக் கன்வர்ட்டராலயும் திருப்ப முடியாது, காசு வாங்கிக்கிட்டு திருப்பித் தர்றேன்னு சொல்றவுகள நம்பாதீங்க. பழைய பிரதி எங்க இருக்குன்னு தேடுறதுதான் வேலை.

10 வரி கேட்டா மொத்த ஃபைலும் கொட்டுது, இல்ல ஒரே ஒரு வரி மட்டும் தெரியுது

ரெண்டும் ஒரே வியாதியா இருக்கலாம், அதான் சேர்த்துச் சொல்றேன். ஹெட் வரிய எண்றதுக்கு வரி முடிவுல 0ஏங்கிற பைட்டு இருக்கணும். ஒரு ரைஸ் மில் எடை மேடை ஃபைல்ல 0ஏ ஒன்னு கூட இல்ல, ஒவ்வொரு வரி முடிவுலயும் 0டி மட்டும் இருந்துச்சு. 0டின்னா கர்சர் வரி ஆரம்பத்துக்குத் திரும்பு, கீழ எறங்காதன்னு அர்த்தம். அதனால அம்புட்டு வரியும் ஒரே எடத்துல ஒன்னு மேல ஒன்னு விழுந்து கடைசி லாரி மட்டும் திரைல நின்னுச்சு, 12480 மொத்தம், 4310 வண்டி, 8170 நிகரம், அதுக்கப்புறம் வால்ல "ரம் கழிவு"ன்னு ஒட்டிக்கிட்டு. அந்த வால் முந்தின லாரியோட மிச்சம், அது கொஞ்சம் நீள வரி. மில்காரரு "தம்பி, ஒரு லோடுதான் இருக்கு, பாக்கியெல்லாம் அழிஞ்சுபோச்சா"ன்னு வெளிறிப் போயிட்டாரு. சைஸப் பார்த்தா ஃபைல் முழுசா இருந்துச்சு.

டிஆர் '\ஆர்' '\என்' < எடை.டெக்ஸ்ட் | ஹெட்

அடிச்சதும் 10 லாரியும் வரிசையா நின்னுச்சு, மனுசன் அப்பத்தான் உக்காந்தாரு.

0டியும் இல்ல, 0ஏவும் இல்லன்னா அது ஒரே நீள வரி ஃபைல், ஜேசன் ஃபைலுக பாதி இப்படித்தான் வரும். ஹெட் -சி 600 போட்டுப் பாருங்க, போதும். 0டி 0ஏ ரெண்டும் சேர்ந்து இருந்தா விண்டோஸ் ஃபைல், ஹெட்டுக்குப் பிரச்சனை இல்ல, ஸ்கிரிப்டு எழுதுறப்பதான் கடிக்கும்.

திரை பைத்தியம் பிடிச்ச மாதிரி ஆயிருச்சு, பீப் சத்தம் வேற

டெக்ஸ்ட் இல்லாத ஃபைலுக்கு ஹெட் அடிச்சுட்டீங்க. ரீசெட்னு அடிச்சு என்டர் தட்டுங்க, அடிக்கிறது கண்ணுக்குத் தெரியாட்டியும் அடிங்க, சரியாயிரும். முதல் ரெண்டு எழுத்து பிகேன்னு இருந்தா அது ஜிப், எக்செல்லோட எக்ஸ்எல்எஸ்எக்ஸும் உள்ளுக்குள்ள ஜிப்தான், பேர சிஎஸ்வின்னு மாத்திட்டா சிஎஸ்வி ஆயிராது. பெர்சன்ட் குறி போட்டு பிடிஎஃப்னு இருந்தா பிடிஎஃப். கடைசி ஒட்டு ஜிஇஸட்னு இருந்தா இஸட்கேட் போட்டு பைப்புல ஹெட்டுக்குக் குடுங்க. சந்தேகம்னா ஃபைல்னு ஒரு கமாண்டே இருக்கு, ஃபைல் மொய்.டெக்ஸ்ட்னு அடிச்சா அது என்ன சாதின்னு சொல்லிரும்.

"ப்ரோக்கன் பைப்"புன்னு ஒரு வரி வருது

விட்டுத் தள்ளுங்க. ஹெட் 10 வரி வாங்கிட்டுக் கதவச் சாத்திக்கிச்சு, முன்னாடி நின்ன கமாண்டு இன்னும் தள்ளப் பார்த்துச்சு, அதோட பொலம்பல் அது.

ஹெட் அடிச்சதுக்கப்புறம் ஃபைலே காலி

ஹெட் எதையும் தொடாதுன்னு மேல சொன்னேன், நெசம்தான். தொட்டது நீங்க போட்ட அம்புக்குறி.

ஹெட் -என் 50 புள்ளி.டெக்ஸ்ட் > புள்ளி.டெக்ஸ்ட்

இந்த மாதிரி ரெண்டு பக்கமும் ஒரே பேரப் போட்டா, ஹெட் படிக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே ஷெல் (நீங்க அடிக்கிற கமாண்ட வாங்கி ஓட்டுறது) போய் வலது பக்கத்து ஃபைல தொடச்சு வச்சிரும். ஒரு கோவில் புள்ளி லிஸ்ட நானே இப்படி வெத்தாக்கியிருக்கேன், ராத்திரி 11 மணி, மறுநாள் பிரிண்ட் குடுக்கணும். கை காலெல்லாம் சில்லுன்னு ஆயிருச்சு. அடுத்தது என்ன பண்ணணும்னா, அந்த ஃபைல் வேற எடிட்டர்ல தெறந்து கிடக்கான்னு பாருங்க, கிடந்தா அங்கேர்ந்து வேற பேருல சேவ் பண்ணுங்க. அப்புறம் பென்டிரைவ், மெயில், வாட்ஸப். எனக்கு வாட்ஸப்லதான் கெடச்சுச்சு, நாலு நாளைக்கு முன்னாடி சரிபார்க்கச் சொல்லி ஒரு அண்ணனுக்கு அனுப்பிருந்தேன்.

எங்கயும் இல்லன்னா மிஷின ஆஃப் பண்ணிருங்க. மீட்கிற சாஃப்ட்வேர அதே டிஸ்க்லயே டவுன்லோடு பண்ணாதீங்க, அது போய் ஒங்க ஃபைல் இருந்த எடத்துலயே உக்காந்துக்கும். டிஸ்க்க கழட்டி ரெக்கவரி ஆள்கிட்ட குடுக்கிற நேரம் இதான். எஸ்எஸ்டின்னா அழிஞ்ச எடத்த அதுவே சுத்தம் பண்ணிரும், நம்பிக்கை கம்மி, முன்கூட்டியே சொல்லிர்றேன்.

"இன்புட் அவுட்புட் எரர்"ங்குது, இல்ல முதல் 10 வரி வந்துட்டு முழுசா காப்பி பண்றப்ப நிக்குது

முகப்பு நல்லா இருந்தா ரெண்டாங்கட்டும் நல்லா இருக்கும்னு கிடையாது, ஹெட் சரியா வந்தாலும் ஃபைல் நடுவுல டிஸ்க் கெட்டிருக்கலாம். முதல்ல கேபிள மாத்துங்க, அப்புறம் யுஎஸ்பி போர்ட்ட மாத்துங்க, அப்புறம் வேற மிஷின்ல சொருகுங்க. நம்ம பக்கத்து பழைய வீடுகள்ல பிளக்கு பாயிண்டே ஆட்டம் போடும், அதனால கரண்டும் பாருங்க. அதுக்கும் சரி வரலன்னா டிஎம்இஎஸ்ஜி அடிச்சு டிஸ்க் பேருல எரர் வரிசையா வருதான்னு பாருங்க. வந்தா இனிமே ஹெட், கேட் எதையும் திரும்பத் திரும்ப அடிச்சு டிஸ்க்க வேலை வாங்காதீங்க, டிடிரெஸ்க்யூ தெரிஞ்ச ஆள வச்சு முழுசா ஒரு பிரதி எடுக்கச் சொல்லுங்க. டக் டக்குன்னு சத்தம் வந்துச்சுன்னா அதுவும் வேண்டாம், வயரப் பிடுங்கிருங்க, டேட்டா ரெக்கவரிக்குன்னே இருக்கிற இடத்துக்குத்தான் போகணும். என்ன மாதிரி கடைக்காரன் மூடியத் தெறக்கிறேன்னு சொன்னா குடுக்காதீங்க.

குடுக்கிறதுக்கு முன்னாடி எவ்வளவு ஆகும்னு போன்லயே கேட்டுக்குங்க. ஒரு ஆச்சி மொய் லிஸ்டுக்காக சத்தம் போடுற டிஸ்க்க தூக்கிட்டு வந்தாக, தொகைய விசாரிச்சுச் சொன்னேன், கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு "நோட்டு எங்க மரப்பெட்டில இருக்கேப்பா"ன்னாக. மறுநாள் அந்த நோட்டு கடைக்கு வந்துச்சு, முதல் பக்கத்துல மஞ்சள் தடவி உ போட்டு. அதப் பார்த்து டைப் அடிச்ச கூலி ரெக்கவரில கால்வாசி கூட வரல.